குழந்தையின் வயிற்றில் காற்று: தாய்ப்பாலின் மீது பழி வேண்டாம்

பால் குடித்த சற்று நேரத்தில் கைக்குழந்தை முகம் சிவந்து, கால்களை மடக்கி வீறிட்டு அழுகிறது. "பால் சேரவில்லை, நீ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். பிரசவித்த பெண் பத்தியத்தை இன்னும் இறுக்குகிறாள். சிலர் தாய்ப்பாலையே நிறுத்திவிடுகிறார்கள். பல நேரங்களில் குற்றம் பாலில் இல்லை. பாலோடு உள்ளே போன காற்றில் இருக்கிறது.

காற்று எப்படிப் போகிறது?

குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வினால், உதட்டோரம் இடைவெளி விழுந்து காற்றும் உள்ளே போகும். புட்டியில் குடிக்கும்போது நிப்பிள் துளை பெரிதாக இருந்தால் பால் வேகமாக வரும். குழந்தை அவசரமாக விழுங்கும். நெடுநேரம் அழுதாலும் காற்று உள்ளே போகும். இந்தக் காற்று ஏப்பமாக மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் குடலில் இறங்கி வயிற்றை உப்பச் செய்யும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பசித்து அழும் வரை காத்திருக்காமல், குழந்தை வாயைத் திறந்து தேடும்போதே பால் கொடுப்போம்.
2. காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் பெருமளவு வாய்க்குள் போக வேண்டும்.
3. புட்டியானால் நிப்பிள் முழுவதும் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்துப் பிடிப்போம். பவுடர் கலக்கிய பாலில் நுரை அடங்கட்டும்.
4. பால் குடிக்கும் இடையிலும் முடிவிலும் தோளில் சாய்த்து முதுகை மெதுவாகத் தட்டுவோம். சில நிமிடங்களில் ஏப்பம் வராவிட்டால் கவலை வேண்டாம். எல்லா முறையும் வராது.
5. தூங்கும்போது மல்லாந்தே படுக்க வைப்போம்.

செய்யக் கூடாதவை

ஒரு வயது வரை தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளங் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தண்ணீர், வசம்பு, உரை மருந்து எதுவும் தேவையில்லை. எவ்வளவு அழுதாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது.

உடனே மருத்துவரிடம்

பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், கல் போல் இறுகிய வயிறு, பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காற்று என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

காரணம் தெரியாத அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணியும். அதுவரை ஏப்பம் எடுக்கும் வேலையை வாப்பாவும் ஏற்றுக்கொள்ளட்டும். தாய்க்குக் குறை சொல்லும் வாயை விட, குழந்தையை வாங்கிக்கொள்ளும் தோளே தேவை.