கம்பியில்லா வாயில் மணி

குழித்தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டும் நெசவாளிக்குத் தெருக்கதவு திறக்கும் ஓசை கேட்பதில்லை. விசைத்தறியாயின், அருகில் நின்று பேசுவோர் சொல்லே கேளாது. தோட்டத்தில் வாழும் விவசாயிக்கோ வாயிற்படல் வீட்டிலிருந்து 300 அடிக்கு அப்பால் இருக்கும். சங்கத்தில் வாங்கிய நூலுக்கும் களத்தில் குவித்த விளைவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் உறுப்பினரே. ஆதலின், ஆள் வருவதை முன்னரே அறிவிக்கும் கம்பியில்லா மணியைப் பற்றி இம்மாதம் பயில்வோம்.

இதற்கு உறுப்புகள் இரண்டு. பாதையோரம் நிற்பது உணர்கருவி. வீட்டினுள் இருப்பது மணி. முன்னது ஆள் வந்ததை உணர்ந்து, வானொலி அலை வழியே பின்னதற்குத் தெரிவிக்கிறது. தறியோசையில் மணி கேளாதாகலின், ஒலியோடு விளக்கும் மின்னும் வகையையே நெசவாளர் தேர்தல் நலம்.

பெரும்பாலான உணர்கருவிகள் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரின் மாறுதலை உணர்பவை; எட்டும் தூரம் சாதாரணமாக 30 அல்லது 40 அடி. நேர் எதிரே நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை இவை நன்கு உணரும். எனவே, கருவியைப் பாதைக்குப் பக்கவாட்டில், இடுப்பளவு உயரத்தில் பொருத்துக. கிழக்கையும் மேற்கையும் நோக்கினால் வெயில் நேரே விழும். வடக்கோ தெற்கோ நோக்கச் செய்க. தரையின் வெப்பம் உடலின் மேற்பரப்பு வெப்பத்தை நெருங்கும் கோடை நண்பகலில் இதன் உணர்வு மங்கும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றொரு வகை, வண்டியிலுள்ள இரும்பினால் பூமியின் காந்தப்புலத்தில் நேரும் சிறு மாறுதலை உணர்வது. மாடும் நாயும் கடந்தால் இது அடிக்காது. ஆனால், நடந்து வருபவரையும் இது கண்டுகொள்ளாது. எவருக்காக மணி வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்க.

இங்கேதான் பாடத்தின் சாரம் உள்ளது. இரவில் நாய்க்காகவும் அசையும் கிளைக்காகவும் பத்து முறை அடித்த மணியைப் பதினோராம் முறை எவரும் எழுந்து பாரார். மணி இருக்கிறதென்று நம்பி அயர்ந்திருக்கும் அவ்வீடு, மணியே இல்லாத வீட்டினும் இடருக்கு உரியது. ஆகையால் கிளைகளை வெட்டுக. கருவியின் பார்வை தெருவில் படாதவாறு திருப்புக.

பெட்டியில் அச்சிட்ட தூரம் திறந்த வெளிக்குரியது. சுவரும் தகரமும் அலையைத் தடுப்பதால், ஒருவர் மணியைப் பிடித்திருக்க மற்றொருவர் பாதையில் நடந்து பார்த்த பின்னரே ஆணியடிக்க வேண்டும். பல கருவிகள் 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையிலேயே இயங்குவதால், அண்டை வீட்டார் வெவ்வேறு குறியீடு வைத்துக்கொள்க. மின்கலம் தீர்ந்த கருவி ஓசையின்றி உறங்கிவிடும். மாதந்தோறும் கூலி வாங்கும் நாளில் அதனைச் சோதிப்பதை வழக்கமாக்குக.

பலர் சேர்ந்து வாங்க விரும்பினால், முதலில் ஒன்றை மட்டும் வாங்கித் தறிவீட்டிலும் தோட்டத்திலும் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, முடிவைக் கூட்டத்தில் வைக்கலாம்.

மணி தாழ்ப்பாள் அன்று; காவலாளும் அன்று. அது அழைக்கும், எழுந்து சென்று பார்க்க வேண்டியவர் நாமே. நாம் எழுந்தபின் துணைக்கு வரவேண்டியவர் அண்டை வீட்டார். அந்த ஏற்பாட்டை மணி வாங்குமுன்னரே பேசி வைத்துக்கொள்வோமாக.