நீல மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல

"ஸ்கூல்ல வாராவாரம் குடுக்குற நீல மாத்திரையச் சாப்பிட்டா, பின்னாடி பிள்ளை தங்காதாமே டாக்டர்?" மகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் வந்ததாம். எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு அப்படி ஆனது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்: மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, ஆசிரியர் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிடுகிறார்கள். நீலமாகிப்போன நாக்குதான் காட்டிக்கொடுக்கிறது.

10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கான அந்த மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையிலும் அதேதான், அதே அளவுதான். மேல்பூச்சின் நிறம்தான் வேறு. உங்கள் மகளுக்கு வாரம் ஒன்று. கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று வீதம் 180 நாள். அம்மா, இவள் வயிற்றில் இருந்தபோது நீங்களும் இதைத்தானே விழுங்கினீர்கள்? பிள்ளை தங்காது என்றால் இவள் எங்கிருந்து வந்தாள்? உண்மையில், ஃபோலிக் அமிலம் குறைந்தால்தான் கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் ஆபத்து அதிகம்.

வதந்தியை நம்பித் துப்புவதற்கு நாம் ஒன்றும் ரத்தம் பொங்கி வழியும் நாடு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15-19 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 59.1 சதவீதம், அதற்கு முந்தைய ஆய்வில் 54.1. கேரளத்தில் 32.5, மேற்கு வங்கத்தில் 70.8, நம் தமிழ்நாட்டில் 52.9. ஒரு பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் ஒருத்திக்கு ரத்தம் போதவில்லை.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மலம் கறுப்பாகப் போவது, உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் வெறும் வயிற்றில் போட்டிருப்பாள். சாப்பிட்ட பிறகு போடட்டும், கூடவே டீ வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வராதா? அதே ஆய்வின்படி 15-19 வயதுப் பையன்களில் 31.1 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. அதில் இரும்பு சொற்பம்.

பூச்சி மாத்திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கொக்கிப்புழு குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும்போது, இரும்புச்சத்து மட்டும் கொடுத்து என்ன பயன்? அந்தப் புழுவின் குஞ்சு மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. அரசு இலவசமாகச் செருப்புக் கொடுக்கிறது. பள்ளியோ அதை வகுப்பு வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வெறுங்காலோடு கழிப்பறைப் பக்கம் ஓடுகிறார்கள். செருப்போடு உள்ளே விடுங்கள் என்றால், வகுப்பெல்லாம் மண்ணாகிவிடும் என்கிறார்கள் ஆசிரியர்கள். ஆகட்டுமே, பெருக்கிக்கொள்ளலாம்.