பழைய காரின் மின்கோளாறு: காசு கொடுக்க முன் சோதியுங்கள்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாண மக்களுக்குக் கைகொடுத்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிச் போன்ற பழைய கார்கள். அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. நள்ளிரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்ல அயலில் அந்த ஒரு கார் மட்டுமே இருக்கலாம். அது இயங்க மறுத்தால், “பற்றறி போய்விட்டது” என்று உடனே முடிவுசெய்கிறோம். வெங்காயம் விற்ற காசு புதிய பற்றறிக்குப் போகிறது. மறுநாளும் கார் இயங்குவதில்லை. ஏனெனில் பிழை வேறிடத்தில் இருக்கிறது.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் புதிய இறைப்பு மெசின் வாங்குவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். மின்சாரத்தையும் அப்படியே தேட வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். அது வயர் வழியே போய், காரின் இரும்பு உடல் வழியே திரும்புகிறது. இத்திரும்பும் வழியே ‘ஏர்த்’.

1. கியரை நியூற்றலில் விட்டு, கைபிறேக்கை இழுத்து, முன்விளக்கைப் போட்டு ஸ்ராட்டரை இயக்குங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பற்றறி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கலாம். விளக்கு மங்காமல் இருக்க ஸ்ராட்டர் அசையாவிட்டால், மின்சாரம் அங்கே போய்ச் சேரவில்லை.

2. பற்றறி முனைகளைக் கழற்றி, சுடுநீரும் அப்பச்சோடாவும் கொண்டு கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டி, கிறீஸ் பூசுங்கள். ஏர்த் வயரையே முதலில் கழற்ற வேண்டும். பல பழைய ஆங்கிலேயக் கார்களில் நேர்முனையே (+) உடலோடு பூட்டப்பட்டிருக்கும். ஆகவே கழற்றுமுன் அடையாளம் இடுங்கள். பற்றறியிலிருந்து எரியும் வாயு வெளிவரும். குப்பிவிளக்கு, சிகரெட் அருகில் வேண்டாம்.

3. எஞ்சின் றப்பரின்மேல் இருப்பதால், அதை உடலோடு இணைக்க ஓர் ஏர்த் பட்டி உண்டு. அது அறுந்தால் மின்சாரம் சோக் கம்பி வழியே திரும்பப் பார்க்கும்; கம்பி சூடாகும். பற்றறியின் ஏர்த் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்றை நேரே எஞ்சினில் பிடியுங்கள். ஸ்ராட்டர் பலமாகச் சுற்றினால் பிழை ஏர்த் வழியில்தான்.

4. லைற், ஹோர்ண் வேலை செய்யாவிட்டால், 12 வோல்ற் மின்குமிழ் ஒன்றில் இரண்டு வயர்களைப் பொருத்துங்கள். ஒன்றைச் சுத்தமான இரும்பில் பிடித்து, மற்றதால் பியூஸ், சுவிச், விளக்கு என்று வரிசையாகத் தொடுங்கள். கடைசியாக எரிந்த இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவில் பிழை இருக்கிறது. இறுதிவரை எரிந்தால் ஏர்த்தைப் பாருங்கள்.

5. எரிந்த பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றாதீர்கள். அடுத்தமுறை வயர் எரியும், காரும் எரியலாம்.

6. மீற்றர் கிடைத்தால் பற்றறியை அளவுங்கள். முழுதாக ஏறிய பற்றறி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ற்றை அண்மிக்க வேண்டும். உயராவிட்டால் டைனமோவின் பெல்ற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள். புதிய பற்றறி வாங்கினாலும் அது இறங்கிவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் மெக்கானிக்கிடம் போனால், “கார் ஓடவில்லை” என்று மட்டும் சொல்லமாட்டீர்கள். “மின்சாரம் இதுவரை வருகிறது, இதற்கப்பால் இல்லை” என்பீர்கள். அவருக்கு நேரமும் உங்களுக்குக் காசும் மிஞ்சும்.