கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலும் மின்தடைகளின் இடமும்

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் எழும் சீறலையும், இடையிடையே கேட்கும் பொரிவது போன்ற ஓசையையும் போக்க விரும்புவோர் எல்லா மின்தடைகளையும் ஒருசேரக் கழற்றி மாற்றுவதுண்டு எனினும், அவ்வுழைப்பில் பெரும்பகுதி வீணே. ஏனெனில் மின்தடையின் வகையைப் போலவே சுற்றில் அது அமர்ந்திருக்கும் இடமும் இரைச்சலைத் தீர்மானிக்கிறது.

பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928இல் வெளியான வெப்ப இரைச்சல் எல்லா மின்தடைகளுக்கும் பொதுவானது. 68 கிலோஓம் மின்தடை எப்பொருளால் ஆனதாயினும், அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் ஏறத்தாழ 4.7 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தந்தே தீரும். மிகை இரைச்சல் எனப்படும் மற்றொன்றோ, மின்தடையின் இரு முனைகளுக்கிடையே நேர்மின்னழுத்தம் நிற்கும்போது மட்டும் தோன்றி, அவ்வழுத்தத்திற்கேற்ப வளர்வது. கரித்தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யப்படும் கார்பன் காம்போசிஷனில் இது மிகுதி, கார்பன் ஃபிலிமில் குறைவு, மெட்டல் ஃபிலிமில் பொருட்படுத்த வேண்டாத அளவே.

முதல் நிலையிலுள்ள 12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டுக்கு மின்சாரம் தரும் 100 கிலோஓம் மின்தடையில் ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியர் ஓடுவதால், அதன் குறுக்கே 100 வோல்ட் அளவுக்கு அழுத்தம் நிற்கிறது. அங்கே பிறக்கும் இரைச்சலை அடுத்த நிலைகள் அனைத்தும் பெருக்கிக்கொண்டே செல்கின்றன. எனவே முதலில் மாற்றத்தக்கது இதுவே. ஒரு வாட் மெட்டல் ஃபிலிம் போதும். கிரிட்டின் முன்னுள்ள 68 கிலோஓம் மின்தடையில் நேர்மின்னோட்டம் இல்லாமையால், பொருளை மாற்றுவதில் பயனில்லை. மதிப்பை 22 கிலோஓமாகக் குறைப்பதில் சிறிது பயனுண்டு, ஆனால் வானொலி அலைகள் உட்புகாமல் தடுப்பதும் அதன் பணியாதலால் அறவே நீக்கலாகாது. கேத்தோடு மின்தடையின் இரைச்சலை அதனோடு இணைந்த 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது.

கார்பன் காம்போசிஷனின் தொனியை விரும்புவோர் அதனை இறுதி வால்வுகளுக்கு முன்னுள்ள ஃபேஸ் இன்வெர்ட்டரில் வைத்துக்கொள்ளலாம். சைகை அங்கே ஏற்கெனவே வலுத்திருப்பதால் இரைச்சல் மேலெழாது.

கழற்றுமுன், வால்யூமை முழுதும் குறைத்துக் கேட்பது நன்று. ஓசை அடங்கினால் குறை வால்யூமுக்கு முன்னும், அடங்காவிடில் பின்னும் உள்ளது. சுவிட்சை அணைத்த பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகளில் உயிர் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்குமாதலால், அதனை வடித்து, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே உள்ளே கை வைத்தல் வேண்டும்.