உள்ளங்காலில் ஓர் ஊற்று: சீன முறைப் பாத அழுத்தத்துக்குச் சில வீட்டுக் குறிப்புகள்

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருந்த புளோக்கில் பக்கத்து வீட்டுக்காரர் எண்பது வயதைத் தாண்டிய சீன மூதாட்டி. இரவு ஒன்பது மணி ஆனால் போதும், நடைவழியில் முக்காலியைப் போட்டு, பிளாஸ்டிக் வாளி நிறைய வெந்நீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்க், தண்ணீர் ஆற ஆற ஊற்றிக்கொள்ள. ஒருநாள் நான் வேலை முடிந்து கால் வீங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, என்னை உட்காரவைத்து, பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார். "சுவான்?" என்று கேட்டார். புளிக்கிறதா என்று பொருள்.

சீன மொழியில் புளிப்புக்கும், அழுத்தினால் கனத்து மந்தமாகப் பரவுகிற அந்த வலிக்கும் ஒரே சொல்தான். அந்தப் புளிப்பு தெரிந்தால் இடம் சரி. சுரீர் என்று குத்தினால் இடம் தப்பு, இல்லை அழுத்தம் அதிகம். அந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. கீழே வரும் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

1. அழுத்த வேண்டிய புள்ளியைக் கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம், உங்கள் விரல் போதும். கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு 'சுன்'. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் நடு மூட்டுகளின் நேரே உள்ள அகலம் மூன்று சுன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட புள்ளி இருப்பிட நூலில் மொத்தம் 361 புள்ளிகள் வருகின்றன; அதிலும் இந்த விரல் அளவு உண்டு. யாருடைய கால் பிடிக்கப்படுகிறதோ அவருடைய விரல்தான் கணக்கு. குழந்தைக்குப் பிடித்துவிடும் அம்மா தன் விரலால் அளந்தால் இடம் தள்ளிப்போகும்.

2. அழுத்துவதற்கு முன்னால் வெந்நீர். சுமார் 40 டிகிரி சூடு, முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் அளவு மூழ்கும்படி ஆழமான வாளியாக இருந்தால் நல்லது. தட்டையான பேசின் பாதத்தை மட்டும்தான் நனைக்கும். கால் மணி நேரம் போதும், நெற்றியில் லேசாக வியர்வை அரும்பினால் காலை எடுத்துவிடலாம். சீன வீடுகளில் தட்டிய இஞ்சியோ, காய்ந்த 'ஆய்' இலையோ போடுவார்கள். இந்த ஆய் நம் மாசிபத்திரியின் இனம். வைத்தியர்கள் புள்ளிகளின் மேல் புகைத்துச் சூடு காட்டுவதும் இதே இலையைத்தான். இலை கிடைக்காதவர்களுக்கு இஞ்சியே போதும். சோங் காலத்துக் கவிஞர் லூ யூ (1125–1210) முதுமையில் படுக்கப்போகும் முன் கால் கழுவும் சுகத்தைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். சாப்பிட்டவுடன் வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். முடிந்ததும் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள்.

3. ஒரே ஒரு புள்ளிதான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது யொங்ச்சுவென். 'பொங்கும் ஊற்று' என்று பொருள். கால் விரல்களை உள்நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலின் முன்பகுதியில் ஒரு குழி விழும். விரல்களை விட்டுவிட்டுப் பாதத்தின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் முன்னாலிருக்கும் முதல் பங்கு முடியும் இடம், இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு நேர். உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் தடங்களில் ஒன்றான சிறுநீரகத் தடம் புறப்படுவது இங்கேதான்.

சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்றால் நீர் வடிகட்டும் உறுப்பு மட்டும் இல்லை. எலும்பு, காது, முதுமை எல்லாம் அதன் கணக்கில் வரும். தலைமுடியில் அதன் செழிப்பு தெரியும் என்பார்கள். முடிக்காகவும் தூக்கத்துக்காகவும் பெண்கள் உள்ளங்கால் தேய்ப்பது இந்த நம்பிக்கையில்தான். அலைபாயும் மனதால் தலைக்கு ஏறிய சூட்டை இந்தப் புள்ளி கீழே இறக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். கவிஞர் சூ தோங்போ (1037–1101) தன் உடற்பயிற்சிகளில் ஒன்றாக உள்ளங்கால் தேய்ப்பதை எழுதிவைத்திருக்கிறார்.

செய்யும் முறை: இடது காலை வலது தொடையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஐந்து எண்ணும்வரை மெல்ல அழுத்தி, மெல்ல விடுங்கள். இருபது முறை. பிறகு உள்ளங்கையால் அந்த இடத்தைச் சூடு ஏறும்வரை தேயுங்கள். நூறு எண்ணினால் சரியாக இருக்கும். அடுத்து வலது கால். எனக்கு இது தூக்கத்துக்கு உதவுகிறது. பரீட்சை நாட்களில் மகளுக்குச் செய்துவிட்டேன், வலது காலுக்கு வருவதற்குள் கண் சொருகிவிடும்.

4. கோபம் வந்து தலை கனத்தால் தைச்சொங். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, கணுக்காலை நோக்கி மேலே நகர்த்துங்கள். இரண்டு எலும்புகளும் சேரும் இடத்தில் விரல் தட்டி நிற்கும். அதற்குச் சற்று முன்னாலிருக்கும் குழிதான் இடம். கவனித்தால் நாடி துடிப்பதும் தெரியும். இது கல்லீரல் தடத்துப் புள்ளி. சினமும் கண்ணும் கல்லீரலோடு சேர்ந்தவை என்பது சீன மருத்துவம். மாலையில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். மற்ற இடங்களைவிட இங்கே புளிப்பு கூடுதலாக இருக்கும், அதனால் விசையைக் குறைத்தே தொடங்குங்கள்.

5. நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்கள் ஒரே பிடியில் இரண்டு புள்ளிகளைப் பிடிக்கலாம். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடையிலுள்ள குழி தைசி, பெரிய ஓடை. வெளிப்பக்கத்தில் அதே உயரத்தில் குன்லுன், மேற்குச் சீனத்து மலைத்தொடரின் பெயர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரண்டையும் சேர்த்துக் கிள்ளுவதுபோல் பிடித்து, விட்டு விட்டு ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

6. மாதவிலக்கு வலிக்கு சான்யின்ஜியாவ். உள்பக்கக் கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து நான்கு விரல் மேலே, முன்கால் எலும்பின் பின் விளிம்பை ஒட்டி. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் என்ற மூன்று தடங்கள் சந்திக்கும் இடம். சருமம் வறண்டு பொலிவிழந்தாலும் சின்சே எனப்படும் சீன வைத்தியர்கள் இதைத்தான் தொடுவார்கள். வலி குறைகிறதா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன; பலன் உண்டு என்று சில சொல்கின்றன, ஆனால் அவை சிறியவை. கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியையும், மேலே சொன்ன குன்லுனையும், சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலையில் இருக்கும் ஜியினையும் தொடவே கூடாது.

7. பல்வலி, முகப்பருவுக்கு நெய்திங்: இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நடுவே தோல் சேரும் இடம். பல்வலிக்கு இதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

8. பாதத்தை விட்டு ஓர் இடம் மேலே போகலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல், அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல். ஜூசான்லி, 'கால் மூன்று லி'. ஒரு லி இன்றைய கணக்கில் அரை கிலோமீட்டர். களைத்துப்போனவர் இதை அழுத்திக்கொண்டால் இன்னும் மூன்று லி நடப்பார் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். வயிறு மந்தமாக இருக்கும்போதும் இதையே பிடிப்பார்கள்.

9. நகத்தை வெட்டிவிட்டு உட்காருங்கள். விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் அழுத்துங்கள். ஒரு கடையில் மரக்குச்சியால் என் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். வலித்தால்தான் நோய் போகும் என்று சொன்னதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் பாதத்தில் நீலம் பாரித்து, நான்கு நாள் நொண்டினேன். ஆன்ட்டி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், வாய்விட்டுச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

10. அழகுக்கு என்று தனியாகக் கேட்பவர்களுக்கு: ஊறிய குதிகாலைக் கரடான பாதக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த க்ரீம் தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். சில வாரங்களில் வெடிப்பு குறையும். வீங்கிய காலை விரலிலிருந்து முழங்கால் நோக்கியே நீவ வேண்டும், கீழ்நோக்கி வேண்டாம். முகச்சுருக்கம் போகும் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தில் ஒரு தெளிவு வரும், அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

11. கடைச் சுவரில் பாதம் முழுக்க இருதயம், கண், கணையம் என்று வண்ணம் தீட்டிய படத்தைப் பார்த்து இந்தப் புள்ளிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ரிஃப்ளெக்ஸாலஜி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு தொடங்கி, 1930களில் யூனிஸ் இங்ஹாம் வளர்த்த முறை. தைவானில் அதைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டர். நான் சொல்லும் புள்ளிகள் தடங்களைச் சார்ந்தவை, கணக்கே வேறு.

12. சர்க்கரை நோயாளிகளே, இதைக் கட்டாயம் படியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீரின் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். வீட்டில் இன்னொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது. புண், சேற்றுப்புண், எலும்பு முறிவு உள்ள இடத்தில் கை வைக்க வேண்டாம். புடைத்துச் சுருண்ட நரம்பின் மேல் அழுத்தக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

13. குனிய முடியாத பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு சப்பாத்திக் குழவியைத் தரையில் போட்டு, உள்ளங்காலால் முன்னும் பின்னும் உருட்டலாம். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் இதற்கென்றே கூழாங்கல் பதித்த பாதைகள் உண்டு. முதல் வாரம் காலுறையோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பத்தடி மட்டும் நடந்து பாருங்கள். உருட்டும்போது கட்டாயம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுவதற்கு முன் குழவியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.