எண்ணெய் விலை வீழ்ச்சியும் எமது பொருளாதாரமும்

மசகெண்ணெய் விலை வீழ்ச்சியடைந்தால் இலங்கைக்கு ஏற்படும் விளைவு யாது என வினவினால், மாணவர்கள் பெரும்பாலும் ஒரே விடையையே எழுதுகின்றனர். ‘இலங்கை எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு. ஆகவே விலை குறைந்தால் எமக்கு இலாபம்.’ இவ்விடை பிழையன்று. ஆனால் பாதி விடை மட்டுமே.

2016 ஆம் ஆண்டு இப்பாடத்தை நடத்தியபோது வகுப்பு முழுவதும் இதே விடையைச் சொன்னது. பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் மட்டும், “சேர், எண்ணெய் விலை குறைஞ்சதால அம்மாட சம்பளத்தை மூணு மாசமா வீட்டுக்காரன் குடுக்கல்லயாம்” என்றான். அவனது தாயார் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, படுவான்கரைக் கிராமங்கள் என எங்கு பார்த்தாலும் வளைகுடா நாட்டுப் பணத்தில் எழுந்த கல்வீடுகள் உள்ள மாவட்டம் எமது. அம்மாணவன் சொன்னதே விடையின் மறுபாதி.

எண்ணெயில் தங்கியிருக்கும் பொருளாதாரம்

ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானத்திலும் அரசாங்க வருமானத்திலும் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து கிடைக்குமாயின், அதனை எண்ணெயில் தங்கியிருக்கும் பொருளாதாரம் என்பர். சவூதி அரேபியா, குவைத், ஈராக், நைஜீரியா, வெனிசுவெலா என்பன இதற்கு உதாரணங்களாகும். நைஜீரியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் எண்ணெயிலிருந்து கிடைத்து வந்தது.

இதனை எமது ஊர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். படுவான்கரையில் நெல்லை மாத்திரம் நம்பியிருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் விலை பாதியாகக் குறைந்துவிட்டது. பாதிக்கப்படுவது அவர் மட்டுமா? அவருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர், உழுது கொடுத்த உழவு இயந்திரக்காரர், வயலில் கூலிக்கு நின்றவர் ஆகிய எல்லோருடைய வருமானமும் குறைகிறது. அதேவேளை அரிசியை விலைக்கு வாங்கி உண்பவர்கள் என்ற வகையில் கடைக்காரருக்கும் கூலியாளுக்கும் அரிசி மலிவாகக் கிடைக்கிறது. எண்ணெய் நாடுகள் அந்த விவசாயி என்றால், இலங்கை அந்தக் கடைக்காரரும் கூலியாளும் ஆகும்.

விலை ஏன் வீழ்ந்தது?

2014 ஜூன் மாதத்தில் ஒரு பீப்பாய் (ஏறத்தாழ 159 லீற்றர்) மசகெண்ணெய் 115 டொலர் வரை விற்கப்பட்டது. 2016 ஜனவரியில் அது 30 டொலருக்கும் கீழே சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் களிப்பாறைகளை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பெருகியதால் நிரம்பல் அதிகரித்தது. சீனாவின் வளர்ச்சி வேகம் தணிந்ததால் கேள்வி எதிர்பார்த்த அளவு அதிகரிக்கவில்லை. இத்தகைய வேளைகளில் ஒபெக் அமைப்பு உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிப்பது வழக்கம். ஆனால் 2014 நவம்பர் 27 இல் வியன்னாவில் கூடிய ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை எனத் தீர்மானித்தன. அதன் பின்னர் வீழ்ச்சி மேலும் விரைவடைந்தது.

எண்ணெய் நாடுகளுக்கு நேர்ந்தது

நைஜீரியாவின் நிலையைப் படிமுறையாக நோக்குவோம். எண்ணெய் விலை குறைய ஏற்றுமதி வருமானம் குறைந்தது. அதனால் நாட்டுக்குள் வரும் டொலர் குறைந்தது. டொலர் குறைந்ததால் 2016 ஜூனில் அந்நாட்டு நாணயமான நைராவின் பெறுமதியைத் தளரவிட வேண்டி வந்தது. நாணயம் பெறுமதி இழந்ததும் இறக்குமதிப் பொருட்களின் விலை உயர்ந்து பணவீக்கம் ஏற்பட்டது. அரசாங்க வருமானமும் குறைந்தமையால் பல மாநிலங்களில் ஊழியர் சம்பளம் தாமதமானது. 2016 இல் நைஜீரியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியே சுருங்கியது. கால் நூற்றாண்டுக்குப் பின் ஏற்பட்ட முதலாவது முழு ஆண்டுச் சுருக்கம் இதுவாகும். இந்தச் சங்கிலித்தொடரை வரிசை மாறாமல் எழுதப் பழகுங்கள். புள்ளிகள் கிடைப்பது இவ்வரிசைக்கே.

சவூதி அரேபியா, குவைத் போன்ற நாடுகள் நல்ல காலத்தில் பெருந்தொகையைச் சேமித்து வைத்திருந்தமையால் அந்த அளவுக்குத் தள்ளாடவில்லை. எனினும் சவூதியின் 2015 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை ஏறத்தாழ 98 பில்லியன் டொலராகும். 2016 செப்டெம்பரில் அரசாங்க ஊழியர்களின் கொடுப்பனவுகள் வெட்டப்பட்டன. கட்டட வேலைகள் இடைநடுவில் நின்றன. 2016 இல் சவூதியில் சம்பளமும் உணவுமின்றித் தவித்த ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களை மீட்க இந்திய அரசாங்கம் நேரடியாகத் தலையிட வேண்டியிருந்தது. சம்பளம் வெட்டப்பட்ட வீட்டுத் தலைவன், தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கிறான். அவளோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்து அதனை ஈடு செய்கிறாள். இது புள்ளிவிபர நூல்களில் தனி வரியாக வருவதில்லை.

இலங்கையின் கணக்கு

முதலில் இலாபப் பக்கம். இலங்கையின் எரிபொருள் இறக்குமதிச் செலவு 2014 இல் ஏறத்தாழ 4.6 பில்லியன் டொலர். 2015 இல் அது 2.7 பில்லியனாகக் குறைந்தது. 2015 ஜனவரியில் பெற்றோல் லீற்றர் 150 ரூபாவிலிருந்து 117 ரூபாவாகவும், மண்ணெண்ணெய் 81 ரூபாவிலிருந்து 65 ரூபாவாகவும் குறைக்கப்பட்டன. எமது கரையோரத்தில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன என்பதால் கடற்றொழிலாளர் கையில் இது நேரடியாகத் தெரிந்தது. வாவியில் தோணி தாங்கி மீன் பிடிப்பவருக்குத்தான் எந்த விலையும் ஒன்று!

இனி நட்டப் பக்கம். இலங்கைத் தேயிலையை வாங்குவோர் யார் என்று பாருங்கள். ரஷ்யா, ஈரான், ஈராக், ஐக்கிய அரபு இராச்சியம், குவைத் எனப் பட்டியலின் முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் எண்ணெய் விற்கும் நாடுகளே. எண்ணெய் விலையும் உக்ரேன் தொடர்பான தடைகளும் சேர்ந்து ரஷ்ய ரூபிளின் பெறுமதியை ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதியாக்கின. அவர்களால் பழைய விலைக்குத் தேயிலை வாங்க முடியவில்லை. கொழும்பு ஏலத்தில் 2014 இல் சராசரியாகக் கிலோ 460 ரூபா அளவில் விற்ற தேயிலை, 2015 இல் 400 ரூபா அளவுக்கு இறங்கியது. தேயிலை ஏற்றுமதி வருமானம் 1,628 மில்லியன் டொலரிலிருந்து 1,340 மில்லியனாக வீழ்ந்தது. எமது மாவட்டத்தில் தேயிலை இல்லை. ஆயினும் தலவாக்கலையிலும் அட்டனிலும் கொழுந்து பறிக்கும் தொழிலாளர் 2015 இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக உயர்த்தக் கேட்டபோது, தோட்ட நிருவாகங்கள் தேயிலை விலை வீழ்ச்சியையே காரணமாகக் காட்டின என்பதை நினைவிற் கொள்க.

அடுத்தது தொழிலாளர் பணவனுப்பல்கள். 2013 இலிருந்து 2014 க்கு இது 9.5 சதவீதத்தால் வளர்ந்து 7,018 மில்லியன் டொலரை எட்டியிருந்தது. 2015 இல் 6,980 மில்லியன். குறைவு அற்பமானதுதான். ஆனால் ஆண்டுதோறும் வளர்ந்து வந்த ஒரு வருமானம் அந்த ஆண்டில் நின்றுபோனது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. வேலைக்காக வெளிநாடு சென்றோர் தொகையும் 2014 இல் ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்து 2016 இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 43 ஆயிரமாகக் குறைந்தது. இதற்கு எண்ணெய் விலை மாத்திரம் காரணமன்று. சிறு பிள்ளைகளின் தாய்மார் செல்வதைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பின்னணி அறிக்கை முறை 2013 இல் கொண்டுவரப்பட்டமையும் ஒரு காரணமாகும். ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் தொங்கவிடும் விடை பலவீனமான விடை.

மன்னார்ப் படுகையில் 2011 இல் இயற்கை வாயுவைக் கண்டறிந்த கம்பனியும், விலை வீழ்ந்திருந்த 2015 இல் இலங்கையை விட்டு வெளியேறியது.

இலாபம் எங்கே போனது?

மாணவர்களைக் குழப்பும் இடம் இதுவே. எரிபொருளில் 1.9 பில்லியன் டொலர் மிச்சம். தேயிலையிலும் பணவனுப்பலிலும் சேர்த்து இழந்தது 0.33 பில்லியன் வரையில்தான். அப்படியாயின் வர்த்தகப் பற்றாக்குறை நன்கு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் 2014 இல் ஏறத்தாழ 8.3 பில்லியனாக இருந்த பற்றாக்குறை, 2015 இல் 8.4 பில்லியனானது.

காரணம் இதுதான். 2015 இல் அரசாங்க ஊழியரின் சம்பளம் மாதம் 10,000 ரூபாவால் கூட்டப்பட்டது. வட்டி வீதங்கள் தாழ்ந்திருந்தன. சிறிய கார்களின் வரி குறைந்தது. மக்கள் கையில் மிஞ்சிய பணம் வாகன இறக்குமதிக்குப் போனது. மட்டக்களப்பு நகரில் கூட அவ்வாண்டு புதிய முச்சக்கர வண்டிகளும் சிறிய கார்களும் பெருகியதை நாம் கண்டோம். எரிபொருளில் மிஞ்சிய டொலர், எரிபொருள் குடிக்கும் வாகனங்களை வாங்கவே செலவானது. மொத்த ஏற்றுமதியும் 11.1 பில்லியனிலிருந்து 10.5 பில்லியனாகச் சரிந்தது. ரூபாவின் பெறுமதி அவ்வாண்டில் டொலருக்கு எதிராக ஏறத்தாழ 9 சதவீதத்தால் தேய்ந்தது. சேமிக்கப்படாத அந்நியச் செலாவணியின் அருமை 2022 இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, பல படகுகள் கரையிலேயே கிடந்தன.

பயிற்சி வினாக்கள்

1. எண்ணெயில் தங்கியிருக்கும் பொருளாதாரம் என்பதை உதாரணம் தந்து விளக்குக.

2. எண்ணெய் விலை வீழ்ச்சி நைஜீரியாவில் பணவீக்கத்தை ஏற்படுத்திய விதத்தைப் படிமுறையாக எழுதுக.

3. ‘எண்ணெய் உற்பத்தி செய்யாத இலங்கையும் ஒருவகையில் எண்ணெயில் தங்கியுள்ளது.’ இக்கூற்றைத் தேயிலை, தொழிலாளர் பணவனுப்பல் ஆகிய இரண்டையும் கொண்டு ஆராய்க. (விடையில் இலாபப் பக்கத்தையும் கட்டாயம் குறிப்பிடுக. ஆண்டும் தொகையும் நினைவில்லாவிடின் ‘கூடியது’, ‘குறைந்தது’ என்று எழுதுவது போதும். பிழையான தொகையை எழுத வேண்டாம்.)

4. உமது கிராமத்தில் வெளிநாட்டில் வேலை செய்வோர் உள்ள ஐந்து குடும்பங்களை விசாரித்து, அவர்கள் எந்த நாட்டில், என்ன தொழில் செய்கின்றனர் என்பதையும், அனுப்பும் பணம் எதற்குச் செலவாகிறது என்பதையும் அட்டவணைப்படுத்துக. சம்பளத் தொகையைக் கேட்க வேண்டாம்.