முழங்காலுக்குப் பின்னால் வலியா?



கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கத்து மலைகளில் "ஏத்தம் தாங்குது, இறக்கம்தான் முடியல" என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்கிறோம். ஏன் அப்படி?

தசையை எலும்போடு கட்டி வைத்திருப்பது தசைநாண். கூடையோடு நாம் பள்ளத்தில் இறங்கும்போது தொடை எலும்பு முன்னால் சறுக்காமல் பிடிப்பதில், முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னத் தசைக்கும் அதன் நாணுக்கும் பங்குண்டு. நாளும் இழுபட்டால் அந்த நாண் நோகும். இதுதான் தசைநாண் அழற்சி.

நாம் செய்ய வேண்டியவை:

1. வலி குறையும்வரை மட்டமான இடத்தில் வேலை கேட்போம்.
2. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் வைப்போம். நாளுக்கு மூன்று தரம்.
3. பாரத்தைக் குறைத்து, சின்ன எட்டு வைத்து இறங்குவோம்.

கவனம்! ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சுட்டால் அது நரம்புக்குள் இரத்தம் கட்டியதாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். அன்றைக்கே கண்டி அல்லது பேராதனை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 1990க்கு போன் எடுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.

நாலு நாள் பேர் போனால் பிறகு பிடிச்சுக்கலாம். கால் போனால்?